காதுக்காளான் கோப்பைத் தொட்டது யார்?

துர்கு, ஏப்ரல் 22

இல்மோ,

இதைத் தாளில், பேனாவால் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் நம் பொதுக் கோப்புறையில் எழுதினால் நாளைக்கே நீ அதைத் திருத்திவிட்டு, "முதல்லேர்ந்து இப்படித்தானே இருந்துச்சு" என்று சாதிப்பாய். தாளைத் திருத்த உன் கம்ப்யூட்டர் எடிட்டரால் ஆகாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் காளான் புத்தகத்தின் நான்காம் பதிப்புக்கு ப்ரூஃப் வந்துவிட்டது. பதிப்பகத்திலிருந்து தூலி அனுப்பியிருந்தாள். கண் அறுவைக்குப் பிறகு எனக்கு ஒரு கண்தான் ஒழுங்காகத் தெரிகிறது. இருந்தாலும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். காதுக்காளான் பக்கம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

காதுக்காளானை நிறையத் தண்ணீரில் இரண்டு தடவை வேகவைக்க வேண்டும், இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும், ஆவிகூட நஞ்சு என்பதால் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்று நாம் எழுதிய வரிகள் அங்கே இல்லை. ஒன்றுகூட இல்லை. "ஈரம், புதுக் காளானின் எடையில் 90" என்று பத்தி மொட்டையாக நிற்கிறது. அதற்கு அடுத்த பத்தி, வெண்ணெயில் வதக்கிக் க்ரீம் ஊற்றினால் வசந்த காலத்தில் இதற்கு ஈடான சாப்பாடே கிடையாது என்று சப்புக்கொட்டுகிறது. படிக்கிறவன் என்ன செய்வான்? காட்டிலிருந்து கொண்டுவந்ததை நேரே வாணலியில் போடுவான். மறுநாள் ஆஸ்பத்திரி. அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் அதற்கும் மேலே.

பதறிப்போய்க் கோப்பைத் திறந்தால் எல்லா வரியும் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. தூலிக்குப் போன் போட்டேன். "நாங்க யாரும் கையே வைக்கிறதில்ல ராகேல். நீங்க அனுப்புற கோப்பை மெஷின் அப்படியே பக்கமாக்கிடும். பதினாலாம் தேதி எடுத்தது அது" என்றாள். அப்படியானால் பதினான்காம் தேதி வரிகள் இல்லை, இன்றைக்கு இருக்கின்றன. இடையில் யாரோ திரும்ப வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்புறை நம் இருவருக்கு மட்டும்தான் திறக்கும். நான் வைக்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மே கடைசியில் கயானி சந்தையில் இலவசமாகக் கொடுக்க, புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைத் துண்டுத்தாளாகத் தனியாக அடிக்கப்போகிறார்கள். எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். காதுக்காளான் முளைக்கிற நேரத்தில் வேறு எதை அடிப்பார்கள்?

ஏன் எடுத்தாய், ஏன் சத்தமில்லாமல் திரும்ப வைத்தாய் என்று சொல். மழுப்பாமல் சொல்.

ராகேல்


கூஹ்மோ, ஏப்ரல் 27

ராகேல்,

உன் கையெழுத்தைப் படித்து முடிக்க அரைநாள் ஆனது.
இது என் எடிட்டரில் எழுதி அச்சிட்டது.
ஒரு வரிக்கு ஒரு எண்ணம். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்.

நான் எதையும் எடுக்கவில்லை.
எடுக்காததைத் திரும்ப வைக்கவும் முடியாது.

நான் வெறும் எழுத்துக் கோப்பில் எழுதுவது ஏன் என்று உனக்குத் தெரியும்.
கடையில் வாங்க வேண்டிய சாமான், நாய்க்கு ஊசி போட்ட தேதி, ஏரியில் பனி உடைந்த நாள், இந்தப் புத்தகம், எல்லாம் அதில்தான்.
அதில் அலங்காரம் இல்லை, மறைவு இல்லை.
எழுத்து இருந்தால் கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் தெரியாது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு அது சரிப்படாது.

இப்போது நான் கேட்கிறேன்.
கோப்புறையின் வரலாற்றைப் பார்த்தேன்.
எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று அது சொல்லும்.
ஏப்ரல் 11 அன்று புத்தகத்தின் எல்லாக் கோப்புகளையும் நீ மாற்றியிருக்கிறாய்.
எல்லா வரியும் சிவப்பு, எல்லா வரியும் பச்சை. பழையது முழுக்கப் போய்ப் புதியது முழுக்க வந்திருக்கிறது.
ஒரே நாளில் ஒரு புத்தகத்தை யாரும் திருப்பி எழுத முடியாது.
ஒரு வரியை மாற்றியதை ஒளிக்க நினைக்கிறவர்கள்தான் எல்லா வரியையும் மாற்றுவார்கள்.

என் வரிகளை எல்லாம் ஒட்டிப் பாயாக விரித்துவைத்திருந்தாய்.
16ஆம் தேதி உட்கார்ந்து பழையபடி பிரித்துவிட்டேன்.
என் கை செய்தது அது ஒன்றுதான்.

இன்னொன்று.
ஈஸ்டருக்கு இன்கா வந்திருந்தாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.
மெம்மியைத் தட்டில் போட்டுக்கொண்டே, "அப்பா, இது என்ன மாசம்?" என்றாள்.
"ஈஸ்டருக்கு மெம்மி தின்னுட்டிருக்கோம். என்ன மாசமா இருக்கும்? நீயே சொல்லேன்" என்றேன்.
சிரித்தாள். அப்புறம் போனில் எதையோ தட்டினாள்.
யாருக்குத் தட்டினாள்?

புத்தக அட்டையில் என் பெயர் உனக்கு உறுத்துகிறது என்றால் நேராகச் சொல்.
கிழவனுக்குப் புத்தி போய்விட்டது என்று காட்ட ஒரு காளான் பத்தியைக் கொல்ல வேண்டாம்.

இல்மோ


துர்கு, மே 2

இல்மோ,

நேற்று மே தினம். ஊரெல்லாம் வெள்ளைத் தொப்பியும் பலூனுமாகச் சுற்றியது. நான் உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு எலுமிச்சைச் சீமாவை ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன்.

ஏப்ரல் 11 பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். அதில் ஒரு மர்மமும் இல்லை. கண் கட்டுப் போட்டிருந்த நாட்களில் கோப்புகளைக் கம்ப்யூட்டர் எனக்கு வாசித்துக் காட்டியது. உன் வரிக்கு ஒரு எண்ணம் இருக்கிறதே, அந்தக் குரல் ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று நின்று, மாடிப்படி ஏறுகிற ஆஸ்துமாக்காரனைப் போல இரைத்தது. கேட்டுக் கேட்டு எனக்கே மூச்சு முட்டிவிட்டது. அதனால் எடிட்டரில் ஒரு கட்டளை கொடுத்து, பத்திக்குள் இருக்கிற வரிகளை எல்லாக் கோப்பிலும் ஒன்றாகச் சேர்த்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு மாதம் வரிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்வாய் என்று கேட்கவில்லை.

பதினாறாம் தேதி நீயும் எல்லாக் கோப்பையும் தொட்டாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். நல்லதாகப் போயிற்று. நானும் எல்லா வரியையும் தொட்டேன், நீயும் எல்லா வரியையும் தொட்டாய். இப்போது வரலாற்றைத் திறந்தால் சிவப்பும் பச்சையுமாகக் கண் கூசுவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நடுவில் நீ ஒரு பத்தியை உருவிச் செருகியிருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வசதியாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஒளிக்க முடியாத எழுத்து என்று பெருமை அடித்துக்கொள்கிறாய். அதே கோப்பில்தானே சதவீதக் குறி போட்டு நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தோம்? அந்தக் குறிக்குப் பின்னால் வருவது எழுதுகிறவரின் சொந்தக் குறிப்பு என்று அச்சு நிரல் விட்டுவிடும், வாசகன் கண்ணில் படாது. "இந்தப் படம் தெளிவில்லை" என்று நீ எழுதுவாய். "உன் மூஞ்சியைவிடத் தெளிவுதான், காபி ஆறுது வா" என்று அதற்குக் கீழே நான் எழுதுவேன். விவாகரத்துக்குப் பிறகும் இரண்டு பதிப்புக்கு அது நடந்தது. இந்தத் தடவை உன் கோப்புகளில் ஒரு குறிப்புகூட இல்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டாய். ஏன் என்று கேட்டால் அதற்கும் கோபம் வரும்.

இன்கா எனக்குத்தான் தட்டினாள். மறைக்கப்போவதில்லை. நாய்க்கு ஒரே காலையில் மூன்று தடவை சோறு வைத்தாயாம். "அப்பா என்னையே திட்டுறாரும்மா, 'இப்பதான் பார்த்தேன், காலித் தட்டோட நிக்குது, யாரும் சோறு வைக்கல'ன்னு" என்று போனில் அழுதாள். நான் சொல்லிக்கொடுத்து அவள் அழவில்லை.

இப்படி உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒன்று, என்மேல் உள்ள கோபத்தில் தெரிந்தே அந்தப் பத்தியில் கை வைத்தாய். இல்லாவிட்டால், கை வைத்தது உனக்கே தெரியவில்லை. இரண்டில் எது தேவலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் யாரோ ஒரு குடும்பம் அந்தத் துண்டுத்தாளைப் பார்த்துச் சமைக்கும்வரை நான் சும்மா இருக்க முடியாது. தூலியிடம் பேசப்போகிறேன்.

ராகேல்


கூஹ்மோ, மே 8

ராகேல்,

பேசிவிட்டாய் போலிருக்கிறது.

தூலி நேற்று கூப்பிட்டாள்.
எப்போதும் மூச்சுவிடாமல் பேசுகிற பெண், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள்.
"இல்மோ, எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"
"நாய் இருக்கு. குடுக்கட்டுமா?" என்றேன்.
சிரிக்கவில்லை.
"ஒண்ணும் அவசரமில்ல. இந்தப் பதிப்பை ராகேலே முடிச்சுக் கொடுக்கட்டுமே. நீங்க ஓய்வெடுங்க. அட்டையில பேர் எப்படிப் போடுறதுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

அட்டையில் பெயர் எப்படிப் போடுவது!
அந்தப் புத்தகத்துக்காக நான் நடந்த சதுப்பு நிலம் எல்லாம் அந்தப் பெண் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அதையும் மூடி மெழுகுவாய்.
குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும். எனக்கு நெஞ்சு ஒன்றும் குறுகுறுக்கவில்லை. எரிகிறது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன்.
காதுக்காளான் பக்கத்தை என் வீட்டில், என் கோப்பிலிருந்து, அதே அச்சு நிரலை வைத்து அடித்தேன்.
இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது.
உன் நல்ல கண்ணால் பார்.

பக்கத்து வீட்டு ரெய்னோவிடமும் காட்டினேன். உரக்கப் படிக்கச் சொன்னேன்.
"ரெண்டு தடவை வேகவெக்கணும்னு போட்டிருக்கு. எங்க அம்மா வயித்துல இருக்கும்போதே எனக்குத் தெரியும் இது. இதுக்கா கூப்பிட்ட?" என்றான்.
சாட்சி வேண்டுமென்றால் அவன் இருக்கிறான்.

இல்மோ


துர்கு, மே 12

இல்மோ,

தாள் வந்தது. பத்தி இருக்கிறது, பார்த்தேன். ஆனால் நீ அச்சடித்தபோது அது கோப்பில் இருந்தது என்றுதான் இது காட்டுகிறது. பதினான்காம் தேதி இருந்தது என்று காட்டவில்லை. ரெய்னோ உனக்குச் சாட்சி சொல்லாமல் எனக்கா சொல்லப்போகிறான்? அவனுக்கு நீதானே பனி தள்ளிக் கொடுக்கிறாய்.

தூலியிடம் உன்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துண்டுத்தாளை நிறுத்திவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெறுமனே பத்தி காணோம் என்றால், "கோப்புல இருக்கே" என்று பழைய ப்ரூஃபையே அடித்துவிடுவார்கள்.

சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு விஷயம் சொல். முன்னுரைக்கு வேண்டியிருக்கிறது. இன்கா பள்ளிக்கூடம் போகாத காலம், சோட்காமோ சந்தையில் ஒரு ஸ்வீடன்காரர் நம்மிடம் காதுக்காளானைப் பற்றி வாதம் பண்ணினாரே, அவர் என்ன சொன்னார்? எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும்.

ராகேல்


கூஹ்மோ, மே 16

ராகேல்,

ஞாபகம் இல்லாதது உனக்கு. புத்தி போனது எனக்கு. நல்ல நியாயம்.

ஸ்வீடன்காரரை நன்றாக நினைவிருக்கிறது.
உயரமானவர். நீலத் தொப்பி. இடுப்பில் தோலுறையோடு கத்தி.
"இதைத் தின்னுட்டு நீங்க இன்னும் உயிரோட இருக்கிறதே அதிசயம்" என்றார்.
நான் அவருக்கு இரண்டு தண்ணீர்க் கணக்கைச் சொன்னேன்.
நீ குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாய். அவர் சர்க்கரை கேட்டார், நம்மிடம் இல்லை.
இன்கா அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.
முன்னுரையில் போடு. நல்ல நிகழ்ச்சி.

இங்கே பனி கரைந்துவிட்டது. பைன் வெட்டிய இடங்களில் ஈரமும் வெயிலும் சரியாக இருக்கிறது.
இன்னும் ஒரு வாரத்தில் காதுக்காளான் வரும்.
சந்தைக்கும் ஆள் வரும். உன் துண்டுத்தாளைப் பார்த்துக்கொள்.

இல்மோ


துர்கு, மே 21

இல்மோ,

உட்கார்ந்து படி. கையில் காபி இருந்தால் கீழே வை.

கண்டுபிடித்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்குப் புதுக் கண்ணாடி கிடைத்தது. அப்பப்பா, உலகம் இத்தனை அழுக்கா! வீட்டுக்கு வந்ததும் உன் தாளையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கோப்பில் "எடையில் 90%" என்று இருந்தது. உன் தாளில் வெறும் "90". குறி இல்லை. நீ அடித்த தாளிலேயே இல்லை.

அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. நம் குறிப்புகளை மறைக்கிற அதே சதவீதக் குறி! நீ கணக்காக எழுதினாலும் சரி, காபிக்குக் கூப்பிட எழுதினாலும் சரி, அச்சு நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் குறியிலிருந்து வரி முடிகிறவரை விழுங்கிவிடும். உன் சின்ன வரிகளில் அந்தக் குறி வரிக் கடைசியில் இருந்தது. அதற்குப் பின்னால் விழுங்க ஒன்றுமில்லை, தன்னை மட்டும் விழுங்கிக்கொண்டு போயிற்று. நான் ஏப்ரல் 11இல் வரிகளை ஒட்டினேனே, அப்போது பத்தி முழுக்க ஒரே வரியாகிவிட்டது. இரண்டு தண்ணீர், ஜன்னல், எல்லாம் குறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பதினான்காம் தேதி பதிப்பகம் எடுத்தது அந்தக் கோப்பைத்தான். பதினாறாம் தேதி நீ பிரித்தாய், எல்லாம் திரும்ப வந்துவிட்டது. கோப்பில் எந்த நாளும் ஒரு சொல்லும் குறையவில்லை.

நம்பாமல் பழைய நாளின் கோப்பை வரலாற்றிலிருந்து எடுத்து நானே அச்சடித்தேன். பத்தி மொட்டை. குறியை எடுத்துவிட்டு "சதவீதம்" என்று எழுத்தில் எழுதி அடித்தேன். முழுசாக வந்தது. சமையலறையில் தனியாக நின்று கூச்சல் போட்டேன்.

தூலியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஐயோ, நான் அவர்கிட்ட கொழந்தைகிட்ட பேசுற மாதிரி பேசிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். துண்டுத்தாள் சரியாக அடிக்கப்பட்டுச் சந்தைக்குப் போகிறது. அட்டையில் இரண்டு பெயரும் பழைய வரிசையில், உன் பெயர் முன்னால்.

இனி நான் கேட்க வேண்டியது. மன்னித்துக்கொள், இல்மோ. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆக்கிவிட்டேன். நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் உனக்கு நினைவு தப்பிவிட்டது என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கவனப் பிசகு, அவ்வளவுதான். அதுவும் பாதி என்னுடையது. "அந்தக் குறியைத் தொடாதே, சதவீதம்னு எழுத்துல எழுது, எழுத்துல எழுது" என்று பதிப்பகத்துக்கு வேலை பழக வருகிறவர்களை எல்லாம் நீ விரட்டியதை நினைத்தால் மட்டும் சிரிப்பாக வருகிறது. உபதேசம் ஊருக்குத்தான் போலிருக்கிறது!

இன்னொரு குட்டையும் உடைத்துவிடுகிறேன். அந்த ஸ்வீடன்காரர் கிடையாது. நானே இட்டுக்கட்டியது. நீ என்ன சொல்கிறாய் பார்ப்போம் என்று வலை விரித்தேன். நீ அவருக்குத் தொப்பியும் கத்தியும் மாட்டி அனுப்பிவைத்தாய். முதலில் பயந்துதான் போனேன். இப்போது யோசித்தால், தெரியாது என்று ஒரு நாளாவது நீ சொன்னதுண்டா? வீம்புக்கு எழுதியிருக்கிறாய். நானும் உன்னை அப்படிச் சோதித்திருக்கக் கூடாது. கேவலமான வேலை.

இன்காவிடமும் சொல்லிவிட்டேன், அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று. எத்தனை நிம்மதி அவளுக்கு.

ராகேல்


கூஹ்மோ, மே 29

ராகேல்,

இதைக் கையால் எழுதுகிறேன். எடிட்டரில் எழுதினால் திருத்திக்கொண்டே இருப்பேன், திருத்தியபின் முதலில் என்ன இருந்தது என்று தெரியாமல் போகும்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ கண்டுபிடித்தது சரி. நானும் அடித்துப் பார்த்தேன், அப்படியேதான் நடக்கிறது. கெட்டிக்காரி. அந்தப் பத்தியின் விஷயத்தில் நான் குற்றவாளி இல்லை என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஒரு நாள் முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது.

அப்புறம் யோசித்தேன். அந்தக் குறியை நான் எப்படிப் போட்டேன்? கவனப் பிசகு என்கிறாய். உனக்கே தெரியும், என் விரலுக்கு அந்தப் பிசகு வராது. மற்றக் கோப்புகளையும் தேடிப் பார்த்தேன். பழைய கோப்புகளில் ஒன்றுகூட இல்லை. இந்தக் குளிர்காலத்தில் எழுதியவற்றில் பல இடத்தில் இருக்கிறது. எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை. நம் பழைய குறிப்புகளை நான் துடைத்தேன் என்று கேட்டிருந்தாய். துடைத்த ஞாபகமும் இல்லை, ராகேல். கோபத்தில் துடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, கோபமாவது நினைவிருந்திருக்கும்.

திருத்த உட்கார்ந்தேன். பாதியில் கையை எடுத்துவிட்டேன். திருத்துகிற கையை எதை வைத்து நம்புவது?

மே இரண்டாம் தேதிக் கடிதம் வந்த அன்றே, உனக்குத் தெரியாமல், கயானியில் நினைவு மருத்துவரிடம் நாள் வாங்கியிருந்தேன். நீ பொய்க்காரி என்று அவர் கையால் எழுதி வாங்கி உனக்கு அனுப்ப நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனேன். நர்ஸ் பெண் மூன்று சொல் சொல்லி, "கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன், வெச்சுக்கோங்க" என்றாள். கேட்டபோது ஒன்றுதான் நினைவில் இருந்தது. "பரவால்ல, டென்ஷன்ல வராது" என்றாள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் மூளையைப் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆரம்பந்தான்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

ஸ்வீடன்காரர் கிடையாது என்கிறாய். சரி, நீ சொன்னால் கிடையாதுதான். ஆனால் நான் வீம்புக்கு எழுதவில்லை. இன்கா அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பது இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறந்துபோவதைப் பற்றி அவ்வளவு பயம் இல்லை.

நேற்று காட்டில் முதல் காதுக்காளான் கிடைத்தது. நல்ல கூடை. வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்து வேகவைத்தேன். தண்ணீரைக் கொட்டினேன். அடுப்புப் பக்கம் திரும்பினால், கொட்டியது முதல் தண்ணீரா இரண்டாம் தண்ணீரா என்று தெரியவில்லை. மறுபடி வேகவைத்தேன். அதற்கப்புறமும் நிச்சயமில்லை. எல்லாவற்றையும் தோட்டத்தில் குழி வெட்டி, நாய் தோண்டாதபடி கல் வைத்து மூடிவிட்டேன். ரெய்னோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னய்யா, யாரைப் புதைக்கிற?" என்றான். உள்ளே வந்துவிட்டேன்.

என் பெயரை அட்டையிலிருந்து எடுக்கச் சொல்ல மாட்டேன். அதற்கு நான் நடந்திருக்கிறேன். ஆனால் குளிர்காலத்திலிருந்து நான் எழுதியதை எல்லாம் நீ அச்சடித்து, தாளில் வைத்துப் படி. நான் தொட்ட எந்த வரியையும் பார்க்காமல் விடாதே. "அங்கதான் இருக்கு, உனக்குத்தான் கண்ணு தெரியல" என்று நான் கத்துவேன். உன்னைத் திருடி என்பேன், என் பெயரைப் பிடுங்க வந்தவள் என்பேன். அப்போது நிஜமாகவே அப்படி நம்புவேன், அதனால் நன்றாகவே திட்டுவேன். காதில் வாங்கிக்கொள்ளாதே. இன்காவிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு வாய் வரவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது எனக்கு வேண்டாம். என்னைச் சந்தேகப்படுவதை மட்டும் நிறுத்திவிடாதே, ராகேல். எனக்கு அதற்கு வேறு யாரும் இல்லை.

இல்மோ